கூரைமேல் ஏறாமலே கூரையை அளக்கலாம்!

ஓட்டு வீடு சுத்தம் செய்வோர் கூலியை இழக்காமல் இருக்க ஒரு கணக்கு

பெங்களூரில் ஏப்ரல், மே மாதங்களில் "மாம்பழ மழை" பெய்யும். அதற்கு முன்னால் ஒரு வேலை சூடு பிடிக்கும். அதுதான் கூரை சுத்தம் செய்யும் வேலை.

பசவனகுடி, மல்லேசுவரம், ரிச்சர்ட்ஸ் டவுன், குக் டவுன் பக்கங்களில் பழைய ஓட்டு வீடுகள் இன்னும் மிஞ்சி நிற்கின்றன. கன்னடக்காரர்கள் "ஹெஞ்சு" என்று சொல்லும் மங்களூர் ஓடுதான் அவற்றின் கூரை. போன மழைக்காலத்துப் பாசி, வெயிலில் காய்ந்து கறுப்பாக அப்பிக் கிடக்கும். தூங்குமூஞ்சி மரத்து இலைகள் ஓட்டின் இடுக்குகளில் மக்கிக் கிடக்கும். அதை எடுக்காவிட்டால் மழைத் தண்ணீர் வழிந்து ஓடாமல் தேங்கும். ஓட்டின் அடியில் புகுந்து வீட்டுக்குள் சொட்டும்.

ஆகவே வீட்டுக்காரர் ஆள் தேடுகிறார். தர்மபுரி, கிருஷ்ணகிரி, திருவண்ணாமலைப் பக்கமிருந்து வந்து கட்டிட வேலை பார்ப்பவர்களுக்கு இது வருகிற வேலை. கொத்தனார், வெள்ளை அடிக்கிறவர், கையாள் என்று யார் வேண்டுமானாலும் இதை எடுத்துச் செய்கிறார்கள்.

கேட்டைத் திறந்ததும் வீட்டுக்காரர் கேட்கும் முதல் கேள்வி: "எஷ்டு ஆகுத்தே?"

மேஸ்திரி அண்ணாந்து பார்க்கிறார். தாடையைச் சொறிகிறார். ஒரு தொகையைச் சொல்கிறார். அந்த ஒரு நிமிடத்தில் மூன்று பேருடைய கூலி தீர்மானமாகிவிடுகிறது!

கண் செய்யும் மோசடி

தரையில் நின்று பார்க்கும்போது கூரை எப்போதும் சிறியதாகவே தெரியும். காரணம் எளிது. சரிந்து மேலே போகிற கூரையைக் கீழேயிருந்து பார்த்தால் அதன் நீளம் சுருங்கித் தெரிகிறது. பின்பக்கத்துச் சரிவு கண்ணுக்கே படுவதில்லை. சுவருக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் இறவாணத்தை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை.

வீட்டுக்காரர் சொல்லும் அளவும் கைகொடுக்காது. "ஆயிரத்து இருநூறு சதுர அடி வீடு" என்பார். அவர் பொய் சொல்லவில்லை. அது வீட்டின் தரை அளவு. தொழிலாளி கழுவப் போவது தரையை அல்லவே! இன்னும் சிலர் "தர்ட்டி ஃபார்ட்டி" என்று சைட் அளவைச் சொல்லிவிடுவார்கள். அது மனையின் அளவு.

அதற்காக விலை சொல்வதற்கு முன்பே கூரைமேல் ஏறிப் பார்க்கலாமா? கூடாது. எந்த ரீப்பர் உளுத்திருக்கிறது, எந்த ஓடு அசைகிறது என்று தெரியாத கூரை அது. கயிறு கட்டியிருக்காது. ஏணி பிடிக்க ஆள் இருக்காது. வேலையே கிடைக்குமா என்று தெரியாத இடத்தில் எதற்காக உயிரைப் பணயம் வைக்க வேண்டும்? தேவையான அளவு முழுவதையும் தரையில் நின்றே எடுத்துவிடலாம்.

முதல் வேலை: காலால் அளப்பது

நாடா இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் கால் இருக்கிறது!

ஒருவர் தம் நடையை ஒருமுறை அளந்து வைத்துக்கொண்டால் போதும். நாடா பிடித்து 100 அடி தூரத்தைக் குறித்துக்கொண்டு, வழக்கமான நடையில் நடந்து எண்ண வேண்டும். 40 எட்டு வந்தால் ஓர் எட்டு இரண்டரை அடி. இந்த எண்ணை மறக்கக் கூடாது. பிறகு எந்த வீட்டைச் சுற்றி நடந்தாலும் அளவு கிடைத்துவிடும்.

நடக்க வேண்டியது சுவரை ஒட்டி அல்ல. இறவாணத்தின் ஓரத்துக்கு நேர் கீழே. மழை சொட்டிச் சொட்டித் தரையில் விழுந்திருக்கும் குழிக்கோடு சில வீடுகளில் தெளிவாகத் தெரியும். அந்தக் கோடுதான் கூரையின் எல்லை.

ஒரு கணக்குப் பார்ப்போம். வீட்டின் சுவர் 40 அடிக்கு 30 அடி. ஆகவே தரை 1,200 சதுர அடி. இறவாணம் நான்கு பக்கமும் 2 அடி நீட்டிக்கொண்டிருக்கிறது. அப்படியானால் கூரையின் எல்லை 44 அடிக்கு 34 அடி. பெருக்கினால் 1,496 சதுர அடி. இறவாணம் மட்டுமே கிட்டத்தட்ட 300 சதுர அடியைக் கூட்டிவிட்டது!

இது படுக்கை அளவு. கூரையை நசுக்கித் தரையில் படுக்கப் போட்டது போன்ற அளவு. இதோடு சாய்வைச் சேர்க்க வேண்டும்.

இரண்டாவது வேலை: பையனின் ஜியாமெட்ரி பாக்ஸ்

சாய்வை அளக்கப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். பள்ளிக்கூடத்துப் பையனிடம் இருக்கும் பாகைமானி போதும். அதன் நடுப்புள்ளியில் ஒரு நூலைக் கட்டி, நூலின் நுனியில் ஒரு நட்டையோ சிறு கல்லையோ தொங்கவிட வேண்டும்.

வீட்டின் முக்கோணச் சுவருக்கு நேர் எதிரே நிற்க வேண்டும். பாகைமானியைச் செங்குத்தாக, அந்தச் சுவருக்கு இணையாகப் பிடிக்க வேண்டும். அதன் நேர் விளிம்பு கூரையின் சரிந்த ஓரத்தோடு ஒட்டி நிற்பது போலக் கண்ணால் பொருத்த வேண்டும். நூல் எந்தப் பாகையில் தொங்குகிறதோ, அதை 90-லிருந்து கழித்தால் சாய்வு கிடைக்கும். நூல் 60-ல் தொங்கினால் சாய்வு 30 பாகை. மூலையில் நின்று கோணலாகப் பார்த்தால் கணக்குத் தப்பிவிடும். நேர் எதிரே நிற்பது முக்கியம்.

சாய்வு தெரிந்ததும் படுக்கை அளவோடு நூற்றுக்கு எவ்வளவு கூட்ட வேண்டும் என்பதற்கு இதோ பட்டியல்:

15 பாகைக்கு: நூற்றுக்கு 3½
20 பாகைக்கு: நூற்றுக்கு 6½
25 பாகைக்கு: நூற்றுக்கு 10
30 பாகைக்கு: நூற்றுக்கு 15½
35 பாகைக்கு: நூற்றுக்கு 22
40 பாகைக்கு: நூற்றுக்கு 30½
45 பாகைக்கு: நூற்றுக்கு 41½

இதை ஒரு சிறு தாளில் எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளலாம்.

பாகைமானி இல்லாதவர்களுக்கு இன்னொரு வழி. கொத்தனார்கள் மூலை மட்டம் பார்க்கும் 3, 4, 5 கணக்கு எல்லாருக்கும் தெரியும். கூரை 4 அடி உள்ளே போவதற்குள் 3 அடி உயர்ந்தால், சரிவின் நீளம் 5 அடி. அதாவது நூற்றுக்கு 25 கூட்ட வேண்டும். 2 அடிக்கு 1 அடி உயர்ந்தால் நூற்றுக்கு 12 கூட்டினால் போதும்.

இப்போது மேலே சொன்ன வீட்டுக்கு வருவோம். சாய்வு 30 பாகை. 1,496-க்கு நூற்றுக்குப் பதினைந்தரை வீதம் 232 கூடுகிறது. மொத்தம் 1,728 சதுர அடி. நூறு சதுர அடி ஒரு சதுரம். ஆகவே பதினேழே கால் சதுரம்!

வீட்டுக்காரர் சொன்ன 1,200-ஐ நம்பினால் 12 சதுரம்தான். ஐந்தே கால் சதுரம் காற்றில் போயிருக்கும்.

நான்கு சரிவு இருந்தால்?

பங்களாக்களில் இரண்டு சரிவுக்குப் பதில் நான்கு பக்கமும் சரிவு இருக்கும். முக்கோணமும் கோணல் சதுரமுமாக இருக்கிறதே, இதை எப்படிக் கணக்கிடுவது என்று சிலர் மலைத்துப் போவார்கள். மலைக்க வேண்டாம். எல்லாச் சரிவுகளும் ஒரே சாய்வில் இருந்தால் இரண்டு சரிவானாலும் நான்கு சரிவானாலும் கணக்கு ஒன்றே. படுக்கை அளவோடு சாய்வுக்கு உரியதைக் கூட்டினால் தீர்ந்தது.

ஆனால் வெராண்டாவின் ஒற்றைச் சரிவு பெரும்பாலும் வேறு சாய்வில் இருக்கும். ஜன்னலுக்கு மேலே கூம்பாக நிற்கும் பெங்களூர் பாணி "மங்கி டாப்" கூரையும் அப்படியே. இவற்றைத் தனியாக அளந்து தனியாகச் சேர்க்க வேண்டும்.

ஓட்டை எண்ணி ஒரு சோதனை

போட்ட கணக்குச் சரிதானா என்று பார்க்க ஓடே உதவும். மங்களூரில் பாசல் மிஷன் 1865-ல் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கிய காலம் முதல், இந்த ஓடு ஒரே மாதிரி அச்சில் வருகிறது. ஒன்றின்மேல் ஒன்று ஏறி உட்கார்ந்த பிறகு, ஒரு சதுரத்துக்கு ஏறத்தாழ 140 முதல் 150 ஓடு பிடிக்கும்.

தரையில் நின்றபடி இறவாணத்து ஓரத்தில் உள்ள ஓடுகளை எண்ண வேண்டும். பிறகு முக்கோணச் சுவர்ப் பக்கம் போய், கீழேயிருந்து முகடு வரை எத்தனை வரி என்று எண்ண வேண்டும். மேலே சொன்ன வீட்டை இரண்டு சரிவு வீடு என்று வைத்துக்கொண்டால், ஓரத்தில் 64 ஓடு, மேலே 19 வரி வரும். ஒரு சரிவுக்கு 1,216. இரண்டு சரிவுக்கு 2,432. இதை 140-ஆல் வகுத்தால் 17 சதுரத்துக்குக் கொஞ்சம் மேலே வருகிறது. 150-ஆல் வகுத்தாலும் 16-க்குக் குறையவில்லை. காலால் அளந்ததும் ஓட்டை எண்ணியதும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. இனித் தைரியமாக விலை சொல்லலாம்.

இரண்டு கணக்கும் வெகுதூரம் விலகி நின்றால் எங்கோ தவறு. இன்னொரு முறை சுற்றி வர வேண்டும்.

இப்போது பலருடைய கைப்பேசியில் வரைபடம் இருக்கிறது. மேலேயிருந்து எடுத்த படத்தில் வீட்டின் ஓரங்களைத் தொட்டு அளக்கலாம். பெரிய வீட்டுக்கு இது வசதிதான். ஆனால் அதில் கிடைப்பதும் படுக்கை அளவே. சாய்வைக் கூட்டாமல் விலை சொன்னால் கைப்பேசியும் கைவிடும். மரம் கவிந்த வீட்டில் ஓரமே தெரியாது. மழைநீர்த் தொட்டி கட்டியவர் கொடுத்த கணக்குத் தாளை வீட்டுக்காரர் காட்டினாலும் அப்படித்தான். மழை மேலேயிருந்து கீழே விழுவதால் அவருக்குப் படுக்கை அளவு போதும். கழுவுகிறவருக்குப் போதாது.

உயரமும் விலையே

ஒரே அளவுள்ள இரண்டு கூரைகளுக்கு ஒரே விலை சொல்லக் கூடாது. 10 அடி உயரத்துக் கூரை வேறு, மாடிக்கு மேலே உள்ள கூரை வேறு.

உயரத்தை அறிய நிழல் போதும். 5 அடிக் குச்சியைச் சமதரையில் நட்டு அதன் நிழலை அளக்க வேண்டும். நிழல் 4 அடி என்று வைத்துக்கொள்வோம். அதே நேரத்தில் இறவாணத்தின் நிழல், இறவாணத்துக்கு நேர் கீழேயிருந்து 12 அடி தள்ளி விழுகிறது. 12-ஐ 5-ஆல் பெருக்கி 4-ஆல் வகுத்தால் 15. கூரை ஓரம் 15 அடி உயரத்தில் இருக்கிறது.

மேகம் மூடிய நாளில் சுவர் வரியை எண்ணலாம். கைக்கு எட்டும் இடத்தில் பத்து வரிக் கல்லின் உயரத்தை அளந்து, பிறகு மேலே மொத்தம் எத்தனை வரி என்று எண்ணினால் உயரம் வந்துவிடும்.

15 அடி உயரத்துக்கு எந்த ஏணி? ஏணி கூரை ஓரத்தைத் தாண்டி 3 அடி மேலே நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். இறங்கும்போது பிடித்துக்கொள்ள அதுதான் துணை. நான்கு அடி உயரத்துக்கு ஓர் அடி வீதம் ஏணியின் கால் கூரை ஓரத்துக்கு நேர் கீழேயிருந்து தள்ளி நிற்க வேண்டும். ஆக, 19 அடி ஏணி தேவை. கையில் இருப்பது 15 அடி ஏணி என்றால் வாடகைக்கு எடுக்க வேண்டும். அந்த வாடகை யாருடையது? விலை பேசும்போதே சொல்லாவிட்டால் மேஸ்திரியுடையது!

வீட்டைச் சுற்றி வரும்போது இன்னும் சிலவற்றைக் கவனிக்க வேண்டும். மின்கம்பி கூரையைத் தொட்டுக்கொண்டு போகிறதா? இறவாணத்தில் தேன்கூடு, குளவிக்கூடு உண்டா? இரண்டு சரிவுகள் சேரும் பள்ளத்தில் குப்பை எவ்வளவு? உடைந்த ஓடு எத்தனை தெரிகிறது? கொல்லையில் மாற்று ஓடு அடுக்கி வைத்திருக்கிறார்களா? பாசி பச்சையாகப் படர்ந்திருக்கிறதா, காய்ந்து இறுகிவிட்டதா? மழைநீர்க் குழாய் எங்கே போகிறது?

கடைசிக் கேள்வி முக்கியம். பெங்களூரில் 2009-ல் வந்த சட்டத்தால் குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட மனைகளில் மழைநீர் சேகரிப்பு கட்டாயமானது. கூரைத் தண்ணீர் நேரே தொட்டிக்குப் போகும். குழாயைக் கழற்றிவிடாமல் கூரையில் ப்ளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவினால் வீட்டுக்காரர் குடிக்கும் தண்ணீரே பாழாகிவிடும்!

ஷீட் கூரை: உள்ளே நின்று அளக்க வேண்டும்

பீன்யா போன்ற தொழிற்பேட்டைகளில் உள்ள பழைய ஷெட்டுகளில் ஆஸ்பெஸ்டாஸ் சிமெண்ட் ஷீட் கூரையைப் பார்க்கலாம். இதை எண்ணுவது சுலபம். ஒரு ஷீட் போட்ட பிறகு அகலவாட்டில் சுமார் 1 மீட்டர், அதாவது 3 அடி 4 அங்குலம் மூடும். ஓரத்தில் 20 ஷீட் இருந்தால் நீளம் சுமார் 66 அடி. எத்தனை ஷீட் மேலேறிப் போகிறது என்பதைக் கொண்டு சரிவின் நீளம் தெரியும். 3 மீட்டர் ஷீட் இரண்டு என்றால், ஒன்றின்மேல் ஒன்று ஏறியது அரை அடி போக, 19 அடி. இரண்டு சரிவும் சேர்ந்து சுமார் 25 சதுரம்.

ஆனால் ஷெட்டை வெளியே நின்று மட்டும் அளந்தால் போதாது. உள்ளே போய் அண்ணாந்து பார்க்க வேண்டும். வெளிச்சத்துக்காகப் போட்ட பிளாஸ்டிக் ஷீட்டுகள் எங்கே இருக்கின்றன என்பது உள்ளேயிருந்துதான் தெரியும். மேலே ஏறினால் அவை அழுக்கு மூடி மற்ற ஷீட்டைப் போலவே இருக்கும். கால் வைத்தால் ஆள் கீழே! எந்தெந்த இடத்தில் என்று எண்ணித் தாளில் குறித்துக்கொள்ள வேண்டும். விரிசல் விட்ட ஷீட்டும் உள்ளேயிருந்து பார்த்தால் வெளிச்சக் கீற்றாகத் தெரியும்.

ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் ஆள் நடப்பதற்காகச் செய்தது அல்ல. பலகை போடாமல் அதன்மேல் கால் வைக்கவே கூடாது. கட்டைகளின்மேல் குறுக்கே பலகை போட்டு, அதில்தான் நகர வேண்டும். பலகைக்கும் அதைத் தூக்கும் ஆளுக்கும் விலையில் இடம் வேண்டும்.

இன்னொரு அபாயம் கண்ணுக்குத் தெரியாது. பழைய ஷீட்டைக் காய்ந்தபடி கம்பி பிரஷால் தேய்த்தால் ஆஸ்பெஸ்டாஸ் தூசி கிளம்பும். எல்லா வகை ஆஸ்பெஸ்டாஸும் புற்றுநோயை உண்டாக்கக்கூடியது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. மூச்சில் போன தூசி பல ஆண்டுகள் கழித்து நோயாக வரும். அப்போது வேலை கொடுத்தவர் எங்கே, வேலை செய்தவர் எங்கே? மூக்கில் துண்டைக் கட்டிக்கொள்வது இதற்குப் பாதுகாப்பு ஆகாது. சுரண்டித் தேய்க்கும் வேலை என்றால் "வேண்டாம் சார்" என்று வந்துவிடுவதே லாபம்.

விலை எப்படி வருகிறது?

சதுரம் தெரிந்துவிட்டது. ஒரு சதுரத்துக்கு எவ்வளவு கேட்பது? பக்கத்து மேஸ்திரி வாங்கும் தொகையைக் கேட்டு அதையே சொல்வது வழக்கம். அவருடைய ஆள் வேறு, ஏணி வேறு, அவர் ஏறிய கூரை வேறு. தன்னுடைய கணக்கைத் தானே போடுவதுதான் சரி.

மூன்று பேர் கொண்ட ஒரு கூட்டு. மேலே இருவர், கீழே ஒருவர். ஒரு நாளைக்கு 5 சதுரம் முடிக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். பதினேழே கால் சதுரத்துக்கு மூன்றரை நாள். 12 சதுரம் என்று நினைத்திருந்தால் இரண்டரை நாளுக்குத்தான் காசு கேட்டிருப்பார்கள். ஒரு நாள் வித்தியாசம். மூன்று பேருக்கு மூன்று ஆள் கூலி. ஓர் ஆளுக்கு 1,000 ரூபாய் என்று கணக்குக்கு வைத்தால் 3,000 ரூபாய்! ஊருக்கு மணியார்டர் போயிருக்க வேண்டிய பணம் வீட்டுக்காரரின் கூரையில் கரைந்துவிட்டது.

நஷ்டம் பணத்தோடு நிற்பதில்லை. மூன்றாவது நாள் காலையில் காசு தீர்ந்துவிட்டது, வேலை தீரவில்லை என்று தெரிந்ததும் கை வேகமாகிறது. கயிறு கட்ட நேரமில்லை என்று தோன்றுகிறது. ஈரப் பாசி காயும் வரை காத்திருக்க மனம் வருவதில்லை. சாயங்கால வெளிச்சம் மங்கிய பிறகும் "இன்னும் இரண்டு வரிதான்" என்று மேலே நிற்கத் தோன்றுகிறது. கால் வழுக்குவது அப்போதுதான். தரையில் போட்ட தப்புக் கணக்கு கூரையில் வட்டியோடு வந்து நிற்கிறது.

ஆகவே கூலியோடு ஏணி, கயிறு, பலகை வாடகை, வண்டிச் சத்தம், குப்பை அள்ளும் செலவு எல்லாவற்றையும் சேர்க்க வேண்டும். மழையால் ஒரு நாள் வீணானால் அதற்கும் கொஞ்சம் வைக்க வேண்டும். அதன் பிறகே லாபம்.

ஒரு நாளில் எத்தனை சதுரம் முடியும் என்பதை எந்தப் புத்தகமும் சொல்லாது. ஒவ்வொரு வேலை முடிந்ததும் எத்தனை சதுரம், எத்தனை நாள், பாசி எப்படி, உயரம் எவ்வளவு என்று ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதி வந்தால் போதும். பத்து வீடு முடிவதற்குள் அந்த நோட்டே விலை சொல்லும்.

துண்டுச்சீட்டு பேசட்டும்

வாயால் பேசிய விலை வேலை முடிந்ததும் மாறும். ஆகவே ஒரு துண்டுச்சீட்டு எழுதிக் கொடுக்க வேண்டும். எழுதத் தெரியாதவர்கள் தெருவில் இருக்கும் ஆபீஸ் குமாஸ்தாவிடம் கேட்டால் கன்னடத்திலோ ஆங்கிலத்திலோ எழுதித் தருவார். அவருக்கு அது பத்து நிமிட வேலை. இவருக்கு மூன்று நாள் கூலி.

சீட்டில் இருக்க வேண்டியவை இவை:

கூரையின் படுக்கை அளவு, சாய்வு, மொத்தச் சதுரம்.
ஒரு சதுரத்துக்கு என்ன விலை, மொத்தம் எவ்வளவு.
உடைந்த ஓடு மாற்றுவது தனிக் கூலி; ஓடு வீட்டுக்காரருடையது.
ஏற்கனவே உடைந்திருக்கும் ஓடுகள் எத்தனை.
தண்ணீர் யார் கொடுப்பது, குப்பை யார் அள்ளுவது.
முன்பணம் எவ்வளவு, மீதி எப்போது.

"அளவு எப்படி வந்தது?" என்று வீட்டுக்காரர் கேட்டால் அவரையும் அழைத்துக்கொண்டு ஒரு சுற்று நடந்து, ஓட்டை எண்ணிக் காட்டலாம். கணக்கைக் கண்ணால் பார்த்தவர் அதிகம் பேரம் பேச மாட்டார். அப்படியும் "அவன் பாதி விலைக்குச் செய்கிறேன் என்கிறான்" என்றால், அந்த வேலை அவனுக்கே போகட்டும்.

மழை வருமுன் இன்னும் பல கூரைகள் காத்திருக்கின்றன. அடுத்த வீட்டுக் கேட்டைத் திறக்கும்போது சட்டைப்பையில் ஒரு நாடா, நூல் கட்டிய ஒரு பாகைமானி, சாய்வுப் பட்டியல் எழுதிய ஒரு தாள் இருக்கட்டும். "எஷ்டு ஆகுத்தே?" என்று கேட்டால், "ஒரு சுற்று சுற்றி வந்து சொல்கிறேன் சார்" என்பதே முதல் பதிலாக இருக்கட்டும்.